ரீமேப்பா, தனி ஈசியூவா? கொங்குப் பக்கத்து வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவைக்குத் தெற்கே, செட்டிபாளையம் போகிற வழியில் பட்டறை வைத்திருக்கிறேன். கார்பரேட்டரைப் பிரித்துப் பூட்டித் தொழில் படித்தவன். இன்று லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டுதான் பானெட்டைத் திறக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பொழுதோட பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே சங்கதி: கம்பெனி கொடுத்த ஈசியூவையே, அதாவது எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டர் பெட்டியையே, ரீமேப் செய்வதா (உள்ளே இருக்கும் எண்களைத் திருத்துவதா), அதைக் கழற்றி வைத்துவிட்டு வெளி ஈசியூ (தனி ஈசியூ) போடுவதா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினில் கை வைக்காத, தினமும் ரோட்டில் ஓடுகிற வண்டிக்குக் கம்பெனி ஈசியூதான் சரி. அதில் நல்ல கையால் ரீமேப் செய்யலாம், அல்லது அப்படியே விட்டுவிடலாம். கம்பெனி ஈசியூவுக்குப் புரியாத அளவுக்கு எஞ்சின் மாறிப்போன பிறகுதான் தனி ஈசியூவுக்கு வேலை வருகிறது. கீழே வருவதெல்லாம் ஏன் அப்படி என்பதற்கான விவரம்.

ஈசியூவுக்குள் அப்படி என்னதாங்க நடக்குது?

ஒவ்வொரு வெடிப்புக்கும் எஞ்சின் இரண்டு கேள்வி கேட்கிறது. எவ்வளவு பெட்ரோல்? எப்போது ஸ்பார்க்? கார்பரேட்டர் காலத்தில் முதல் கேள்விக்கு ஜெட்டும் வெஞ்சுரியும் பதில் சொல்லின. இரண்டாவதை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றிய எடைக்கட்டிகளும் வேக்குவம் டயாஃப்ரமும் பார்த்துக்கொண்டன. இந்த இரண்டு வேலையையும் ஒரே பெட்டிக்குள் அடக்கி பாஷ் நிறுவனம் 1979-ல் மோட்ரானிக்கைக் கொண்டுவந்தது. முதலில் வந்தது பி.எம்.டபிள்யூ 732ஐ காரில்.

பெட்டிக்குள் இருப்பது அட்டவணைகள். ஒரு பக்கம் ஆர்.பி.எம்., இன்னொரு பக்கம் இன்டேக் மேனிஃபோல்டின் (எஞ்சினுக்குள் காற்று போகிற குழாயின்) காற்றழுத்தம். 16-க்கு 16 என்றால் 256 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண். அந்த அட்டவணைக்குப் பெயர்தான் மேப். பெட்ரோல் முழுசாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். லோடு ஏறும்போது பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டி எஞ்சினைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். இந்த மாதிரி ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரு கட்டம்.

காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிற டர்போ உள்ள இன்றைய வண்டியில் சங்கதி இன்னும் ஆழம். நீங்கள் ஆக்சிலேட்டரை மிதித்தால், காற்றை உள்ளே விடும் கதவான த்ராட்டில் நேராகத் திறப்பதில்லை. 'இவ்வளவு டார்க் வேணும்' (டார்க் என்றால் சுழற்றும் விசை) என்று ஒரு கோரிக்கை போகிறது, அவ்வளவுதான். கியர்பாக்ஸ் தாங்குமா, வீல் வழுக்குகிறதா, ஏ.சி. எவ்வளவு இழுக்கிறது, எஞ்சின் சூடு என்ன என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஈசியூ த்ராட்டிலைத் திறக்கிறது.

ரீமேப்னா அந்தப் பெட்டியையே மாத்துறதுங்களா?

இல்லை. பெட்டி, வயரிங், சென்சார் எல்லாம் அப்படியே இருக்கும். உள்ளே எழுதியிருக்கும் எண்களைப் படித்து, சிலவற்றைத் திருத்தி, திரும்ப எழுதுகிறோம். சில வண்டியில் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட் வழியாகவே முடியும். சிலதில் ஈசியூவைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் படிக்க முடியும். எழுதி முடித்ததும் செக்சம் (எழுதியதில் பிழையில்லையா என்று சரிபார்க்கிற கூட்டெண்) சரியாக விழ வேண்டும். விழாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

எழுதும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கக் கூடாது. தொழிலின் ஆரம்பத்தில், மின்வெட்டு நேரத்தில், சார்ஜர் மாட்டாமல் ஒரு வண்டியில் எழுதினேன். பாதியில் வோல்டேஜ் இறங்கி ஈசியூ செத்தது. பெட்டியைத் திறந்து போர்டில் நேராகக் கம்பி வைத்து மீட்க இரண்டு நாள் ஆனது. வண்டிக்காரர் குடும்பத்தோடு நோம்பிக்கு ஊருக்குப் போக வேண்டியவர். தப்பு என்னுடையது. அன்றிலிருந்து யு.பி.எஸ்ஸும் நிலையான சப்ளையும் இல்லாமல் நான் எழுதுவதில்லை. உங்கள் வண்டியிலும் யாரையும் எழுத விடாதீர்கள்.

தனி ஈசியூனா?

கம்பெனிப் பெட்டியைக் கழற்றிவிட்டு, எஞ்சினை முழுக்க இன்னொரு பெட்டியிடம் ஒப்படைப்பது. ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், மோட்டெக், நியூசிலாந்தின் லிங்க், போலந்தின் ஈசியூமாஸ்டர் எல்லாம் இந்த வகை. கையாலேயே போர்டு அசெம்பிள் செய்துகொள்ள மெகாஸ்குவர்ட் இருக்கிறது. ஆர்டுயினோவை வைத்துச் செய்கிற ஸ்பீடுயினோ இன்னும் சிக்கனம். கோவையில் மோட்டார் கண்ட்ரோலர் போர்டு சால்டர் செய்து பழகிய பையன்கள் நிறையப் பேர் இருப்பதால் இந்த இரண்டும் நம்ம பக்கத்துக்குத் தோதானவை.

இந்தப் பெட்டிகள் வரும்போது உள்ளே ஒன்றும் இருக்காது. கிராங்க் சக்கரத்தில் எத்தனை பல், எந்த இடத்தில் பல் இல்லை, பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர் எவ்வளவு ஊற்றும், ஸ்பார்க் கொடுக்கிற காயில் சார்ஜ் ஆக எத்தனை மில்லி செகண்ட் என எல்லாவற்றையும் நாம்தான் சொல்லித் தர வேண்டும். சுதந்திரமும் அதிலேதான், வேலையும் அதிலேதான்.

நடுவுல பிக்கிபேக்னு ஒண்ணு சொல்றாங்களே, அது?

கம்பெனி ஈசியூ இருந்த இடத்தில் இருக்கும். சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்து சிக்னலைத் திருத்தி அனுப்பும். பைக்குகளில் இது நன்றாகவே வேலை செய்கிறது. பெங்களூரிலேயே தயாராகும் பவர்ட்ரானிக்கைப் பல பேர் போட்டிருக்கிறார்கள். டீசல் காருக்கு விற்கிற டியூனிங் பாக்ஸ் மட்டும் எனக்குப் பிடிப்பதில்லை. அதில் பாதி, ரெயிலின் (இன்ஜெக்டருக்கு டீசல் போகிற குழாயின்) பிரஷர் சென்சார் கணக்கைக் குறைத்துக் காட்டுகிறவை. ரெயிலில் 1,600 பார் இருக்கும்போது ஈசியூவுக்கு 1,450 என்று சொன்னால், ஈசியூ பாவம், இன்னும் ஏற்றும். பம்பும் இன்ஜெக்டரும் அந்தப் பொய்க்கு விலை கொடுக்கின்றன.

அண்ணா, என்ர வண்டி டர்போ பெட்ரோலுங்க. எஞ்சின்ல ஒண்ணும் கை வெக்கல. எது போடறது?

ரீமேப். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது.

வண்டியில் இன்று ஈசியூ தனியாக இல்லை. பாஷ் 1986-ல் அறிமுகப்படுத்திய கேன் என்கிற இரண்டு கம்பிப் பாதையில் கியர்பாக்ஸ், ஏ.பி.எஸ்., மீட்டர், ஸ்டீயரிங், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆக விடாத பூட்டு) எல்லாம் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கின்றன. கம்பெனி ஈசியூவைப் பிடுங்கினால் அந்தப் பேச்சில் ஒரு குரல் நின்றுபோகும். மீட்டரில் லைட் எரியும், ஸ்டீயரிங் கனமாகும், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கிளட்சைப் பிடிக்காது. வெளி ஈசியூவுக்கு அந்தப் பாஷையைக் கற்றுத் தரலாம். சில பிரபலமான வண்டிகளுக்கு அப்படித் தயாராகவே கிடைக்கின்றன. நம்ம ஊரில் ஓடுகிற பெரும்பாலான வண்டிக்குக் கிடைப்பதில்லை.

இன்னொன்று. கம்பெனிக்காரன் அந்த எண்களைப் பாலைவனத்திலும் பனிமலையிலும் மழையிலும் ஓட்டி ஓட்டி எழுதியிருக்கிறான். நானோ வேறு யாரோ இரண்டு வாரத்தில் எழுதுவது அதற்கு ஈடாகாது. எஞ்சின் தட்டுவதை நாக் சென்சார் கேட்டவுடன் ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுப்பது, சூடு ஏறினால் பூஸ்ட்டை (டர்போ தள்ளுகிற அழுத்தத்தை) குறைப்பது, சென்சார் செத்தாலும் வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பது, இவ்வளவு காவலையும் வைத்துக்கொண்டு மேலே நாலு எண்ணை மட்டும் திருத்துவதுதான் ரீமேப்பின் பலம்.

அப்ப தனி ஈசியூ யாருக்குங்க?

நான் மனசாரப் போடச் சொல்கிற இடங்கள் இருக்கின்றன.

ஒன்று, ஈசியூவே இல்லாத பழைய வண்டி. பத்மினி, காண்டெஸா, கார்பரேட்டர் வைத்த மாருதி 800. கழற்ற ஒன்றுமில்லை, கேன் தொல்லை இல்லை.

இரண்டு, சாதாரண எஞ்சினுக்கு டர்போ மாட்டியவர்கள். மாருதி எஸ்டீம் மாதிரி வண்டியின் ஈசியூ, மேனிஃபோல்டில் வெளிக்காற்றை விட அதிக அழுத்தம் வரும் என்று கனவிலும் நினைத்ததில்லை. அட்டவணையில் அந்தக் கட்டமே கிடையாது. இல்லாத கட்டத்தில் எதைத் திருத்துவது? சென்சாரே அந்த அழுத்தத்தைப் படிக்காது.

மூன்று, ஒரு வண்டியின் எஞ்சினை இன்னொரு வண்டியில் இறக்கியவர்கள். இம்மொபிலைசருக்குச் சாவி தேடி அலைவதை விடத் தனி ஈசியூ நிம்மதி.

நான்கு, டிராக்கில் மட்டும் ஓடுகிற கார். இங்கே நம்ம ஊரைப் பற்றி ஒன்று சொல்ல ஆசை. கோவையின் எஸ். கரிவர்தன் மாருதி 800-ன் 796 சிசி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரையே கட்டினார். ஏராளமான பையன்கள் அதில்தான் ரேஸ் பழகினார்கள். 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த 2.1 கிலோமீட்டர் டிராக்குக்கு அவர் பெயர்தான். கையில் கிடைத்த எஞ்சினை வைத்துக்கொண்டு முழுக் காரையும் யோசித்த மனுஷன் அவர். அந்தப் பழக்கம் இந்த ஊர் லேத்துப் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. தனி ஈசியூ அந்தப் பழக்கத்துக்கு ஏற்ற கருவி. ஆனால் போட்டியில் இறங்குவதாக இருந்தால் உங்கள் கிளாஸின் விதிப்புத்தகத்தை முதலில் படியுங்கள். ஸ்டாக் ஈசியூ மட்டும்தான் என்று எழுதியிருந்தால், போட்ட காசு வீண்.

எவ்வளவு பவர் கூடும்?

டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் ரீமேப் செய்தால் 100 குதிரைக்கு ஐந்தோ எட்டோ கூடும். காற்று கூடாமல் பவர் கூடாது. அங்கே காற்றைக் கூட்ட வழியில்லை. மிதித்தவுடன் வரும் அந்தத் துள்ளல் வேண்டுமானால் நன்றாக இருக்கும். இதற்காகக் காசு செலவழிக்காதீர்கள் என்றுதான் வருகிறவர்களிடம் சொல்கிறேன். நாலு நல்ல டயர் போடுங்கள்.

டர்போ வண்டியில் 20 முதல் 30 சதவீதம் வரை வரும். ஆனால் அந்தப் பவர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மட்டமான பெட்ரோல், தள்ளிப்போன சர்வீஸ், வெயில் இவற்றுக்கெல்லாம் சேர்த்து கம்பெனி ஒதுக்கி வைத்த இடைவெளிதான் அது. அதை எடுத்துச் செலவு செய்தால், அப்புறம் நல்ல பெட்ரோல் போடுவதும் ஆயிலை முன்கூட்டியே மாற்றுவதும் உங்கள் பொறுப்பு.

கியர்பாக்ஸையும் கணக்கில் எடுங்கள். போலோ ஜி.டி.யில் வந்த டிரை கிளட்ச் ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் தாங்குதிறன் 250 நியூட்டன் மீட்டர். வண்டியின் ஸ்டாக் டார்க் 175. நடுவில் இருப்பது 75 மட்டுமே. பவரை அளக்கிற டைனோ மெஷினின் ஷீட்டில் 260 காட்டி யாராவது பெருமைப்பட்டால், அந்தப் பெருமைக்குக் கிளட்ச் பேக் பொறுப்பேற்கும்.

வெளிநாட்டு ஃபைல் வாட்ஸப்புல வாங்கிப் போடலாமுங்களா? வெலை கம்மியா வருது.

வேண்டாம். நான் கோபப்படுகிற ஒரே கேள்வி இதுதான். கேட்டவர் மேல் கோபமில்லை, விற்கிறவர் மேல்.

ஐரோப்பாவில் எழுதிய ஃபைல் அங்கே கிடைக்கிற 95, 98 ஆக்டேன் பெட்ரோலை நம்பி எழுதியது (ஆக்டேன் என்பது தானாக வெடிக்காமல் பெட்ரோல் தாங்கும் அளவு). நம்ம பம்பில் வெகுகாலம் சாதாரண பெட்ரோல் 91 ஆக்டேன்தான். ஸ்பார்க் முன்னால் போனால், பெட்ரோல் தாங்காமல் தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். சித்திரை மாசம், ஈரோட்டில் 40 டிகிரி, ஏ.சி. போட்டு, ஐந்து பேர் ஏறி, பண்ணாரி தாண்டித் திம்பத்தின் 27 வளைவில் இரண்டாவது கியரில் இழுக்கும்போது எஞ்சினுக்குள் நடப்பது ஐரோப்பாவில் உட்கார்ந்து ஃபைல் எழுதியவனுக்குத் தெரியாது. ஒரு நாள் தட்டும், பத்து நாள் தட்டும், அப்புறம் பிஸ்டனின் ரிங் பள்ளம் உடையும்.

உங்கள் வண்டியை ஓட்டிப் பார்த்து, லாக் (ஓடும்போது சென்சார்கள் சொன்ன எண்களின் பதிவு) எடுத்து, அந்த லாக்கைப் பார்த்துத் திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்த்து எழுதினால்தான் அது ரீமேப். மற்றது ஒட்டுப்போடுவது.

ஊட்டி, வால்பாறை போனா ரீமேப் வண்டி மக்கர் பண்ணுமா?

நல்ல கேள்வி, நம்ம பக்கத்துக்கே உரிய கேள்வி. சமவெளி ஊரில் இருக்கிறவர்களுக்கு இது தோன்றாது.

கோவை சுமார் 410 மீட்டர் உயரம். காற்றழுத்தம் 0.96 பார் சுற்றி. ஊட்டி 2,240 மீட்டர், அங்கே 0.77 பார் சுற்றி. மேட்டுப்பாளையத்தில் கிளம்பிச் சுமார் 50 கிலோமீட்டரில் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. டர்போ இல்லாத வண்டிக்குப் பவர் குறையும், வேறு ஒன்றும் ஆகாது. டர்போ வண்டியில்தான் கவனம் வேண்டும். மேனிஃபோல்டில் 2 பார் வேண்டும் என்று எழுதியிருந்தால், கோவையில் டர்போ வெளிக்காற்றை 2.1 மடங்கு அமுக்கினால் போதும். ஊட்டியில் அதே 2 பாருக்கு 2.6 மடங்கு அமுக்க வேண்டும். டர்போவின் சக்கரம் அதற்கு வெறி பிடித்த மாதிரி சுற்றும்; அச்சும் பேரிங்கும் அந்த வேகத்துக்குச் செய்ததில்லை.

கம்பெனி ஈசியூவில் இதற்கென்று உயரத் திருத்தம் இருக்கிறது. உயரம் ஏற ஏற பூஸ்ட் இலக்கைத் தானே இறக்கும். மோசமான ரீமேப்பில் முதலில் தூக்கிப்போடுவது இந்தத் திருத்தத்தைத்தான், மலை மேலும் இழுக்கட்டும் என்று. தனி ஈசியூவிலோ அந்தத் திருத்தத்தை நாமே எழுத வேண்டும். அதற்குத் தனியாக ஒரு வெளிக்காற்று அழுத்த சென்சாரும் வேண்டும். நான் எழுதுகிற டர்போ வண்டி எதையும் கோத்தகிரி வழியாக ஏற்றி இறக்கி லாக் பார்க்காமல் கொடுப்பதில்லை. உங்கள் டியூனரிடம் இதைக் கேளுங்கள். "மலையேத்திப் பாத்தீங்களா?" என்ற ஒரு கேள்வியில் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

டீசலுக்குத் தனி ஈசியூ உண்டா?

காமன் ரெயில் டீசலின் இன்ஜெக்டரைத் திறக்க 12 வோல்ட் போதாது. அதை 60, 70 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிக் கொடுக்கிற சுற்று வேண்டும். ஒரு வெடிப்புக்கு மூன்று நாலு தடவை பிரித்துத் தெளிக்க வேண்டும். பம்பையும் கட்டுப்படுத்த வேண்டும். இதைச் செய்கிற வெளி ஈசியூக்கள் குறைவு, விலையும் யானை விலை. ஆகவே டீசலுக்கு ரீமேப்தான். அதிலும் புகை வராமல் எழுதுகிறவரிடம் போங்கள். கறுப்புப் புகை என்றால் எரியாத டீசல். புகைபோக்கிச் சூடு 800 டிகிரியைத் தாண்டி நின்றால் டர்போவுக்கு ஆபத்து. பழைய 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்டில் ரீமேப்புக்குப் பின்னால் முதலில் கை கொடுக்காமல் போவது கிளட்ச்தான். அதற்கும் காசு ஒதுக்கி வையுங்கள்.

லாரிக்கு மைலேஜ் ரீமேப் பண்ணித் தர முடியுங்களா? ஆட்புளூ செலவும் மிச்சமாகட்டும்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டிலிருந்து வாரம் ஒரு போனாவது வருகிறது. லோடு குறைந்து, டீசல் விலை ஏறி, தவணை கட்டத் திணறுகிறவர்களின் கேள்வி இது, எனக்குப் புரிகிறது. ஆனாலும் செய்து தர மாட்டேன். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கிற பி.எஸ்.6 வண்டியில் ஆட்புளூவையும் (புகையின் நஞ்சைக் குறைக்க ஊற்றுகிற திரவம்) புகை ஃபில்டரையும் ஈசியூவில் அணைப்பது சட்டப்படி குற்றம். அதை விட, அந்த வண்டிக்குப் பின்னால் பைக்கில் வருகிற குழந்தைகள் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். டயர் காற்று, வீல் அலைன்மென்ட், ஏர் ஃபில்டர், ஓட்டுகிற வேகம், இந்த நாலைச் சரி செய்தாலே மைலேஜில் வித்தியாசம் தெரியும். இதற்கு என்னிடம் வரவே வேண்டியதில்லை.

கார்ல டி.பி.எஃப்., ஈ.ஜி.ஆர். அணைக்கிறது?

இரண்டும் புகையின் நஞ்சைக் குறைக்கிற ஏற்பாடுகள்தான். மேலே சொன்னதே.

சட்டம் என்ன சொல்லுது? ஆர்.டி.ஓ. புடிப்பாங்களா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். எஞ்சினையே மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற முன்அனுமதி வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்ம் நேரத்தில் குறுக்கே நிற்கும். இதைத் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். பட்டறைக்காரர் பேச்சை நம்பி எடுக்கக் கூடாது. என் பேச்சையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வாரண்டி போயிருமா? திரும்ப ஸ்டாக் ஆக்கிட்டா தெரியாதுல்ல?

எத்தனை தடவை எழுதப்பட்டது என்பதைப் பல ஈசியூக்கள் எண்ணி வைத்திருக்கும். கம்பெனியின் கருவி மாட்டினால் தெரியும். வாரண்டி இருக்கிற வண்டியை அது முடிகிற வரை விட்டுவிடுங்கள்.

திரும்ப ஸ்டாக் ஆக்க, எழுதுவதற்கு முன் எடுத்த ஒரிஜினல் ஃபைல் வேண்டும். அது உங்கள் சொத்து. பென் டிரைவில் வாங்கி வீட்டில் வையுங்கள். கொடுக்க மறுக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். தனி ஈசியூவில் இந்த விஷயம் சுலபம்: வயரிங்கை வெட்டாமல் பிளக் மாற்றி மாட்டியிருந்தால், பழைய பெட்டியைத் திரும்ப மாட்டினால் முடிந்தது. வெட்டியிருந்தால் முடியாது. அதனால்தான் வெட்டாதீர்கள் என்கிறேன்.

தனி ஈசியூ போட்டு எத்தனை நாள்ல வண்டி ரெடியாகும்?

ஃபுல் த்ராட்டிலில் டைனோ மேல் பவர் எடுப்பது அரை நாள் வேலை. எல்லோரும் அதைத்தான் வீடியோ எடுக்கிறார்கள். மிச்ச வேலை யார் கண்ணிலும் படாது: ஐடிலிங், ஏ.சி. போட்டவுடன் எஞ்சின் அணையாமல் இருப்பது, ஃபேன் எந்தச் சூட்டில் ஓடுவது, கியர் மாற்றும்போது குலுங்காமல் இருப்பது. எல்லாவற்றிலும் கஷ்டம் காலை ஸ்டார்ட்டிங். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்து இருக்கிற நிலைமை ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் கிடைக்கும். திருத்தியது சரியா என்று பார்க்க அடுத்த நாள் விடிய வேண்டும். மார்கழி மாசக் குளிருக்கு எழுத மார்கழி வர வேண்டும். அதனால் இரண்டு மூன்று வாரம் என்று மனசில் வையுங்கள். அவசரப்படுத்தினால் அந்த அவசரம் வண்டியில் தெரியும்.

செலவும் அப்படியே. ரீமேப் சில பத்தாயிரத்தில் முடியும். தனி ஈசியூ என்றால் பெட்டி, ஹார்னஸ், சென்சார், வைட்பேண்ட் லாம்ப்டா (புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை அளக்கிற சென்சார்), டியூனிங் கூலி எல்லாம் சேர்ந்து லட்சத்தைத் தாண்டும். பெட்டியின் விலையை மட்டும் பார்த்து இறங்கியவர்கள்தான் பாதியில் நிறுத்திய வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள்.

வயரிங்ல என்ன கவனிக்கோணும்?

எர்த். நான் பார்த்த தனி ஈசியூ கோளாறுகளில் பெரும்பாலானவை மோசமான எர்த். சென்சாருக்கான எர்த்தை ஈசியூவிலேயே முடியுங்கள். காயிலின் எர்த்தோடு கலக்காதீர்கள். கிராங்க் சென்சார் கம்பி ஷீல்டு போட்டதாக இருக்க வேண்டும். பெட்டியை எஞ்சின் சூட்டில் வைக்காமல் டேஷ்போர்டுக்கு உள்ளே வையுங்கள். தோட்டத்து வீட்டில் வண்டி நிறுத்துகிறவர்கள் எலிக்கும் ஒரு வழி செய்யுங்கள்.

பெரிய இன்ஜெக்டர் எப்ப வேணும்?

கணக்கு எளிது. 6,000 ஆர்.பி.எம்மில் எஞ்சின் இரண்டு சுற்று சுற்ற 20 மில்லி செகண்ட். இன்ஜெக்டர் அதில் 85 சதவீதம், அதாவது 17 மில்லி செகண்டுக்கு மேல் திறந்திருந்தால், மூடித் திறக்கவே நேரமில்லை. லாக்கில் அந்த எண்ணைத் தொட்டுவிட்டால் பெரிய இன்ஜெக்டர் வேண்டும். இன்ஜெக்டரை மாற்றியதற்காகவே தனி ஈசியூ போட வேண்டியதில்லை. பல கம்பெனி ஈசியூக்களில் அந்த எண்ணையும் ரீமேப்பில் திருத்தலாம்.

இப்ப வர்ற எத்தனால் பெட்ரோலுக்கு எதாச்சும் பண்ணோணுமா?

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் முழுசாக எரிய 14.7-க்குப் பதில் 13.5 பங்கு காற்று போதும். அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். லாம்ப்டா சென்சார் உள்ள வண்டி மெதுவாக ஓட்டும்போது தானே சரிசெய்துகொள்ளும். ஃபுல் த்ராட்டிலில் பல பழைய ஈசியூக்கள் லாம்ப்டாவின் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே ரீமேப்பில் கொஞ்சம் பெட்ரோல் கூட்டலாம். ஒரு லிட்டரில் இருக்கும் சக்தி கொஞ்சம் குறைவு என்பதால் மைலேஜ் குறைவதை ரீமேப் மாற்றாது. பழைய வண்டி என்றால் பெட்ரோல் ஹோஸை முதலில் மாற்றுங்கள்.

ரீமேப்புக்கு வண்டிய விடறதுக்கு முன்னாடி என்ன பாக்கோணும்?

கம்ப்ரஷன், ஸ்பார்க் பிளக், காயில், பூஸ்ட் ஹோஸில் லீக், கூலன்ட், கிளட்ச். ஸ்டாக்கில் இழுக்காத வண்டியை ரீமேப் செய்து இழுக்க வைக்க முடியாது. பாதிப் பேருக்கு நான் இன்டர்கூலர் ஹோஸ் கிளிப்பை மட்டும் மாற்றி, "போயிட்டு வாங்க, ரீமேப் வேண்டாம்" என்று அனுப்பியிருக்கிறேன். அவர்கள் திரும்பி வரவில்லை. வண்டி நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம்.

எங்கப்பாவோட பிரீமியர் 118 என்.ஈ. கார் தோட்டத்துல நிக்குது. அதுக்கு இன்ஜெக்ஷனும் தனி ஈசியூவும் போட்டு ஓட்டலாமுங்களா?

ஓட்டலாம். அதில் இருப்பது நிசானின் ஏ12, 1,171 சிசி. பிரித்துப் பூட்ட அவ்வளவு இணக்கமான எஞ்சின். ஸ்பீடுயினோ போதும், கிராங்க் புல்லியில் 36-ல் ஒரு பல் இல்லாத சக்கரம் பீளமேட்டு லேத்தில் ஒரு நாளில் கடைந்து தருவார்கள். த்ராட்டில் பாடியும் இன்ஜெக்டரும் பழைய மாருதியிலிருந்து எடுக்கலாம்.

ஆனால் உடனே ஆரம்பிக்காதீர்கள். டேங்கைக் கழற்றித் துருவை எடுங்கள், டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்டைத் தேயுங்கள், கார்பரேட்டரைக் கழுவி மாட்டி அப்பாவை ஒரு தடவை ஓட்டச் சொல்லுங்கள். ஆறு மாதம் அப்படியே ஓட்டுங்கள். எங்கே திணறுகிறது, எங்கே நன்றாக இருக்கிறது என்று அந்த வண்டியே சொல்லும். அதற்கப்புறமும் இன்ஜெக்ஷன் வேண்டும் என்று தோன்றினால் கொண்டு வாருங்கள், செய்வோம். கழற்றுகிற கார்பரேட்டரை மட்டும் ஆயில் தடவி, துணியில் சுற்றி, அதன் ஜெட் நம்பரை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்து, அட்டாலியில் பத்திரமாக வைத்திருங்கள்.